போனவருக்குப் படைத்த பாண்

அன்ரியின் வீட்டிலிருந்து "போறன்" என்று சொல்லிவிட்டு ஒருவரும் படி இறங்க முடியாது. கதவைப் பிடித்தபடி நிற்பார். "போயிட்டு வாறன் எண்டு சொல்லு" என்பார். வெளியே பனி கொட்டினாலும் சரி, மூலையில் பஸ் திரும்புவது தெரிந்தாலும் சரி, அந்த "வாறன்" காதில் விழாமல் கதவு சாத்தப்படாது. பிரெஞ்சுக்காரரிடம் இந்த வில்லங்கம் இல்லை என்பது அவருடைய கட்சி. "ஓ ருவார் எண்டால் திரும்பக் காணுற வரைக்கும் எண்டு அர்த்தமாம். நல்ல சனம்" என்று பிரெஞ்சு வகுப்பு முடிந்து வந்த அன்றே எனக்குச் சொன்னார். பொதி கொண்டுவருகிற மனிதர் வெறும் "பை" சொல்லிவிட்டு இறங்கினால் அன்றைக்கு முழுக்க அன்ரியின் முகம் சரியாக இருக்காது.

கனடாவில், பிரெஞ்சு பேசுகிற நகரம் ஒன்றின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு இரண்டு மாடி வீடு. கீழே நான், மேலே அன்ரி. வெளியில் வளைந்து இறங்குகிற இரும்புப் படி. ஊரே வீடு மாறுகிற யூலை முதலாந் திகதி அவரும் வந்து சேர்ந்தார். இரண்டு சூட்கேஸ், சாமிப்படங்கள் வைத்த ஒரு பெட்டி, தேங்காய் திருவலை. அவ்வளவுதான் சாமான். மகள் கல்யாணம் முடித்து ரொறன்ரோவில் இருந்தாள். அன்ரி யாழ்ப்பாணத்துச் சைவம். முட்டை கலந்த கேக்கைக்கூட வாயில் வைக்காத சைவம். நான் மன்னார் வேதக்காரி, கத்தோலிக்கம். பன்றி, மாடு, கணவாய், எதுவும் என்னிடம் தப்பாது. "வேதக்காரி எண்டாலும் நல்ல பிள்ளை" என்று என்னைப் பற்றி மகளிடம் தொலைபேசியில் சொல்லுவது கீழ்வீட்டுக்கே கேட்கும்.

அன்ரி பிள்ளைகளைப் பார்க்கும் கார்டரி ஒன்றில் சமையலுக்கு உதவியாக இருந்தார். மத்தியானம் பிள்ளைகளுக்குத் தட்டு வைப்பது அவர் வேலை. வராத பிள்ளைக்கும் ஒரு தட்டு வைப்பார். அதில் சோறும் கரட்டும் பரிமாறி, வெறும் கதிரைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுவார். பொறுப்பாளர் அம்மாள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், மூன்றாவது முறை கடிதம் கொடுத்தார். அன்ரி அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கேட்டுவிட்டு, "இருக்கிற ஆக்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவினம், பிள்ளை. இல்லாத ஆக்கள் ஆரிட்டைக் கேக்கிறது?" என்றார்.

இதுதான் அன்ரி. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

அவர் வந்து சேர்ந்த வாரம் மேல்வீட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருப்பதைக் கண்டார். கறுத்த மையில், சரிந்த எழுத்து. பின் பல்கனியில் ஒரு கனத்த இரும்புச் சட்டியும் கிடந்தது. வீட்டைப் பராமரிக்கிற மனிதரிடம், முன்னே இருந்தவர் எங்கே என்று அன்ரி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டிருக்கிறார். அவர் தோளைக் குலுக்கி, "ல முஸ்யூ எ பார்த்தி" என்றாராம். அந்த ஐயா போய்விட்டார் என்று அர்த்தம்.

அன்ரி படி இறங்கி என்னிடம் வந்தார். "பாவம், மோசம் போயிட்டாராம்" என்றார், செத்துவிட்டார் என்ற கருத்தில்.

கார்டரியில் ஒருத்தியின் தாய் செத்தபோதும் எல்லோரும் "பார்த்தி" என்றுதான் சொல்லிக் கையைப் பிடித்து அழுதார்களாம். நானும் அதைச் சந்தேகப்படவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வயதான மனிதர் போய்விட்டார் என்றால் எங்கே என்று யார் கேட்பது? அவருடைய பெயருக்குக் கடிதங்கள் வந்துகொண்டேயிருந்தன. ஒருவரும் வந்து எடுக்கவில்லை. "உயிரோட இருக்கிற ஆள் இப்பிடியொரு சட்டியை விட்டிட்டுப் போகுமோ?" என்று அன்ரி கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்தக் கடதாசியைத் தொலைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துக் கொடுத்தவள் நான்தான். இத்தாலிய மொழி. பெருஞ்சீரகம் போட்ட பன்றிச் சொசேஜும் குடைமிளகாயும் வைத்துச் செய்கிற சான்ட்விச். மேலே பெரிய எழுத்தில், சனிக்கிழமை, என்று இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாளும் அதையே சொன்னார்: சனிக்கிழமை மத்தியானமென்றால் அந்த வாசம் தெருமுனை வரை வருமாம். அன்ரி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை காத்துக்கொண்டு நிப்பார்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

செத்தவர்களுக்கு அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதைப் படைப்பது ஊர் வழக்கம். சாராயமும் சுருட்டும் படைத்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் முன்பின் அறியாத ஒரு வெள்ளைக்காரருக்கு, முட்டைகூடத் தொடாத ஒரு மனுசி, பன்றி இறைச்சி சமைத்துப் படைத்ததை நான் அங்கேதான் கண்டேன். குசினிக்குள் இறைச்சி மச்சம் சமைக்கமாட்டார். பின் பல்கனியில் மின்னடுப்பை வைத்து, அந்த இரும்புச் சட்டியில் சமைப்பார். சொசேஜை முள்ளுக்கரண்டியால் குத்தி, மெதுவான சூட்டில் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் சிவக்க விடுவார். அதை எடுத்து வைத்துவிட்டு, அதில் கசிந்த கொழுப்பிலேயே வெங்காயம், உள்ளி, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நீளமாக வெட்டிய குடைமிளகாய். மிளகாய் துவண்டு, ஓரம் கருகத் தொடங்கும்போது சொசேஜ் திரும்ப உள்ளே போகும். கடதாசியில் அதற்குப் பிறகு வெள்ளை வைன் ஊற்றச் சொல்லியிருந்தது. அன்ரி ஊற்றவில்லை.

"மச்சம் பசிக்கு. குடி பசிக்கில்லை" என்றார். வைனுக்குப் பதிலாகத் தேசிக்காய், எலுமிச்சைதான், பிழிந்தார்.

கடையில் வாங்கிய மொரமொரப்பான நீளப் பாணை இரண்டாகப் பிளந்து, சட்டியில் கவிழ்த்துச் சூடாக்கி, உள்ளே சீஸ் ஒரு துண்டு, அதன்மேல் எல்லாவற்றையும் அள்ளி வைப்பார். படைக்கிறதை முதலில் ருசி பார்க்கக் கூடாது. உப்பு, புளி எல்லாம் மூக்கால்தான். ஆவியில் முகத்தைக் காட்டி, கண்ணை மூடி, "காணும்" என்பார், போதும் என்று. தை மாதத்துக் குளிரிலும் இதே பல்கனிதான். தொப்பி, கையுறை, பெரிய ஜக்கெட், அதற்குக் கீழே வீட்டுச் சட்டை, காலில் பனிச் சப்பாத்து. கீழ்ப் பல்கனியிலிருந்து நான் கேலி செய்தால், "உன்ரை வாய்க்குத்தான் கடைசியிலை இது வரப்போகுது, கதையாமல் இரு" என்பார்.

உண்மைதான். படைத்ததைக் குப்பையில் போட முடியாது, அவரால் சாப்பிடவும் முடியாது. "நீ வேதக்காரிதானே, உனக்குத் தோசமில்லை" என்று சாப்பிடுகிற உத்தியோகத்தை எனக்குக் கொடுத்திருந்தார். படைத்தபின் ருசி போய்விடும் என்பார்கள். எனக்கு ஒன்றும் போனதாகத் தெரியவில்லை, விரலையும் சூப்பினேன்.

படையலுக்குப் படம் வேண்டும். அந்த மனிதரின் படம் அவரிடம் இல்லை. ஆகையால் அவருடைய பெயருக்கு வந்த ஒரு மின்சாரக் கட்டணக் கடிதத்தின் உறையைக் குசினி மேசையில் சுவரோடு நிமிர்த்தி வைத்து, அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். அதன்முன் தட்டு. தட்டை வைத்ததும் அன்ரி வெளியே வந்து குசினிக் கதவைச் சாத்திவிடுவார். நாங்கள் இருவரும் நடையில் பேசாமல் நிற்போம். ஒருத்தர் சாப்பிடும்போது உள்ளே போகக்கூடாது. பத்து நிமிடம் கழித்து, விரல் மடக்கிக் கதவில் மூன்று தரம் மெல்லத் தட்டிவிட்டுத்தான் திறப்பார். எனக்குச் சிரிப்பு முட்டும். ஆனால் அந்தக் கதவு திறக்கிற கணத்தில் ஒருமுறையும் நான் அவருக்கு முன்னால் உள்ளே போனதில்லை.

மார்கழி மாதம் ஒரு நாள், "இனிப் புதன்கிழமையும் போடப்போறன்" என்றார்.

"ஏன் அன்ரி?"

"கனவிலை வாறார். பல்கனிக் கதவுக்கு அங்காலை நிக்கிறார். மெலிஞ்சுபோனார், பிள்ளை. ஒரு நாள் சாப்பாடு காணாது போலை கிடக்கு."

"நீங்கள் அவரை ஒருநாளும் காணேல்லையே. மெலிஞ்சது எப்பிடித் தெரியும்?"

"சட்டை தொளதொளவெண்டு கிடந்தது" என்றார்.

நான் வயதானவர்களைப் பராமரிக்கும் ஒரு இல்லத்தில் வேலை செய்கிறேன். பிற்பகல் இரண்டு மணிக்கு வேலை தொடங்கும். திங்களும் புதனும் லீவு. தை மாதம் என்னை, நினைவு தவறியவர்கள் இருக்கிற மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். முதல் நாள் அறைக் கதவுகளில் இருந்த பெயர்களை வாசித்துக்கொண்டு போனேன். கடைசிக்கு முந்திய கதவில், ஆறு மாதமாகச் சனிக்கிழமை தோறும் சந்தனப் பொட்டோடு நான் பார்த்த பெயர் இருந்தது.

இத்தாலியர்களில் ஒரே பெயர் நூறு பேருக்கு இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே சன்னலோரம் ஒரு கிழவர் இருந்தார். சட்டை தொளதொளவென்று கிடந்தது.

அவரோடு பிரெஞ்சில் கதைக்கலாம். நடுவே இத்தாலியன் வரும். அமைதியான மனிதர். நினைவு மட்டும் வந்து வந்து போகும். அந்தச் சனிக்கிழமை மாலைச் சாப்பாட்டைக் கொண்டுபோனேன். தட்டைத் தள்ளிவிட்டு, சாப்பிட்டாயிற்று என்றார். எங்கே என்று கேட்டேன்.

"வீட்டில். என் குச்சீனாவில்."

குச்சீனா. குசினி. அன்ரி சாத்திவைக்கிற கதவு நினைவுக்கு வந்தது. ஆனாலும் நான் பாதிரியாரையே குறுக்குக் கேள்வி கேட்கிறவள். அன்ரியின் சான்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டு நேரே வேலைக்கு வந்திருந்தேன். என் கையில் மணந்திருக்கும், மனிதருக்குப் பழைய ஞாபகம் வந்திருக்கும் என்று முடிவு கட்டினேன். தட்டை எடுக்கும்போது அவர் என் கையைப் பிடித்தார்.

"நன்றாகச் செய்கிறாள். ஆனால் எலுமிச்சை. சொசேஜுக்கு யார் எலுமிச்சை பிழிவார்கள்?"

அடுத்த சனிக்கிழமை கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பை மாற்றி, அன்ரி தந்ததைச் சாப்பிடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். அன்றும் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. அவருடைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆவணி மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் சாப்பிட மறுப்பு. மார்கழியிலிருந்து புதன்கிழமைகளிலும். புதன் எனக்கு லீவு. என் கையில் மணக்க வழியில்லை. மற்ற நாட்களிலும் அரைவாசிதான் உள்ளே போயிற்று. தாதி அதை நோயின் கணக்கில் எழுதியிருந்தார்.

இதை நான் அன்ரியிடம் உடனே சொல்லவில்லை. பயம். சொன்னால் அவர் உடைந்துபோவார் என்ற பயம் பாதி, சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயம் மீதி. ஆனால் கனவு நிற்கவில்லை. "இன்னும் மெலிஞ்சுபோனார்" என்று மாசியில் திங்கட்கிழமையையும் சேர்த்தார். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து கிழவர் திங்களும் சாப்பிடவில்லை. அவர் மெலிய மெலிய இவர் படைத்தார். இவர் படைக்கப் படைக்க அவர் மெலிந்தார். இதைப் புரிந்துகொண்டவள் உலகத்தில் நான் ஒருத்திதான், அதையும் வெளியில் சொன்னால் என்னையும் மூன்றாம் மாடியில் ஒரு அறையில் போட்டுவிடுவார்கள்.

பங்குனியில் டொக்டர், இந்த வாரமும் இப்படியே போனால் அவர் தாங்கமாட்டார் என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே மேல்வீட்டுக்குப் போனேன். அன்ரி அடுத்த நாளைக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

"அன்ரி, அந்த மனிசன் சாகேல்லை."

"எந்த மனிசன்?"

நான் உறையைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக, "மூண்டு தரம் ஆரோ தட்டுவினமாம், மரியாதையான ஆள் எண்டு அந்த மனிசன் சொன்னவர்" என்றேன். அன்ரியின் கையில் உள்ளிப்பல் அப்படியே இருந்தது.

"உயிரோடயோ?"

"ஓம்."

"உயிரோட இருக்கிற மனிசனுக்கு எட்டு மாசமாப் பிணச்சோறு போட்டிருக்கிறன்" என்றார். குரல் உயரவில்லை. எழுந்துபோய் ஈரத் துணியால் உறையிலிருந்த பொட்டைத் துடைத்தார். பொட்டோடு பெயரிலும் பாதி அழிந்துபோயிற்று. அதைப் பார்த்துத்தான் அழத் தொடங்கினார். அவரை அப்படி நான் பார்த்ததேயில்லை. 

"இனிப் படைக்காமல் விட்டால் சரிதானே அன்ரி?"

"காணாது. கதவைச் சாத்திப்போட்டுக் குடுத்ததைக் கதவைத் திறந்து வைச்சுக் குடுக்கவேணும். கையாலை. என்னைக் கூட்டிக்கொண்டு போ."

அடுத்த நாளே போனோம். காலையில் பல்கனியில் சமைத்தார். அன்றும் தேசிக்காய்தான். ஈயத்தாளில் சுற்றி, ஜக்கெட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தார்.  எதையாவது சாப்பிட்டால் போதும் என்ற நிலை என்பதால் தாதி தடுக்கவில்லை. மத்தியானத் தட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அன்ரி அறைக் கதவை அகலத் திறந்து, அது மூடாமல் இருக்கத் தன்னுடைய பனிச் சப்பாத்தை இடையில் வைத்தார்.

கிழவர் அவரைப் பார்த்ததும் நிமிர்ந்து இருந்தார். நெடுநாள் பழகியவரைப் பார்க்கிற பார்வை. பிறகு என்னிடம், தணிந்த குரலில், "இந்த மதாம் எப்போது இறந்தார்?" என்று கேட்டார்.

 "என்ன சொல்லுறார்?" என்று அன்ரி கேட்டார். சொன்னேன்.

"நான் சாகேல்லை எண்டு சொல்லு."

சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. அன்ரி நீட்டிய பாணை வாங்கிக்கொண்டார். அதை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அன்ரியிடமே நீட்டினார்.

"சாப்பிடச் சொல். இறந்தவர்கள் சாப்பிடுவதில்லை. பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான்."

இதையும் சொன்னேன். அன்ரி அந்தப் பாதிப் பாணைப் பார்த்தார். சிவப்பு மிளகாய் ஒன்று வெளியே தொங்கியது. பிறந்ததிலிருந்து மச்சம் தொடாத மனுசி. "வேண்டாம் அன்ரி, நான் ஏதும் சொல்லிச் சமாளிக்கிறன்" என்றேன்.

"செத்த ஆள் குடுத்ததெண்டு நினைச்சால் அவர் எப்பிடிச் சாப்பிடுவார்?" என்றார். கடித்தார். கண்ணில் நீர் முட்ட மென்றார். கிழவர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கியது தொண்டையில் தெரிந்தபின்தான் தன் பாதியைக் கடித்தார். முழுவதையும் சாப்பிட்டார். பிறகு இல்லத்துத் தட்டை இழுத்து, அந்த உப்புச்சப்பில்லாத உருளைக்கிழங்கையும் வழித்துச் சாப்பிட்டார். மூன்று மாதத்தில் அவர் முடித்த முதல் தட்டு அது.

வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சரி. இவள் உயிரோடுதான் இருக்கிறாள். வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்துகிறவள் இவள். அப்படியென்றால் கதவைச் சாத்திய பிறகும் உள்ளே அடுப்படியில் நிற்கிறாளே, அவள் யார்? அவளுக்கு ஒருவரும் ஒன்றும் கொடுப்பதில்லை."

அன்ரி மிளகாய்ச் சிவப்பு ஒட்டிய விரலைத் துடைத்தபடி, "என்னவாம், பிள்ளை?" என்றார்.

"நல்லாயிருக்காம்" என்றேன்.

அன்ரி பிறகு ஒருநாளும் படைக்கவில்லை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்க் கையாலேயே கொடுத்தார். தனக்குப் புட்டு கொண்டுபோனார். கிழவர் இன்னும் இரண்டு வருடம் நன்றாகச் சாப்பிட்டு இருந்தார். அதற்குப் பிறகு அன்ரி ரொறன்ரோவுக்கு மகளோடு போனார். போன வருடம் அங்கே அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போய் வந்தேன். அன்று நான் சொன்ன பொய்யைக் கடைசிவரை அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் குசினியில் மறுபடி ஒரு தட்டு வைக்கப்பட்டிருக்கும், யாருக்கென்று தெரியாமலே கதவு சாத்தப்பட்டிருக்கும். அது நடக்கக்கூடாது என்று நினைத்தேன். பிழையென்று இன்றும் தோன்றவில்லை. ஆனால் மேல்வீட்டில் இப்போது யார் யாரோ வந்து இருக்கிறார்கள், சமைக்கிறார்கள், தங்கள் பாட்டுக்குச் சாப்பிடுகிறார்கள். அடுப்படியில் ஒருத்தி பசியோடு நிற்கிறாள் என்று தெரிந்தும் பேசாமல் இருக்கிறவள் நான் ஒருத்திதான். அன்ரி அறிந்திருந்தால் என்னை மன்னித்திருக்கமாட்டார்.